எங்கள் அப்பம்

‘அப்பம்’ என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மில் பெரும்பாலோருடைய நினைவுக்கு வருவது எது? அரிசி மாவும் வெல்லமும் கலந்து, குழியில் வார்த்துச் சுட்டெடுக்கும் இனிப்புப் பண்டமே அது. பிள்ளையாருக்குப் படைப்பதும், கார்த்திகைத் திருநாளில் விளக்கேற்றியபின் குழந்தைகளுக்குக் கொடுப்பதும் அந்த அப்பமே. அது விழா நாளின் பண்டம். நாள்தோறும் பசியாற்றும் உணவு அன்று. ஆனால் அதே சொல் தமிழ் விவிலியத்தில் வேறொரு பொறுப்பைச் சுமந்து நிற்கிறது. பாலஸ்தீன நாட்டில் உழவனும் மீனவனும் ஆட்டிடையனும் நாள்தோறும் உண்டு உயிர்வாழ்ந்த கோதுமை ரொட்டிக்கும் வாற்கோதுமை ரொட்டிக்கும் அங்கே ‘அப்பம்’ என்பதே பெயர்.

மொழிபெயர்ப்பையே அன்றாடத் தொழிலாகக் கொண்ட நம் போன்றோர்க்கு இச்சொல்லை எளிதில் கடந்து செல்ல மனம் வருவதில்லை. சீகன்பால்கு ஐயர் தமிழில் பெயர்த்த புதிய ஏற்பாடு 1715 ஆம் ஆண்டில் தரங்கம்பாடியில் அச்சேறி முடிந்தது. இந்திய மொழி ஒன்றில் அச்சான முதல் புதிய ஏற்பாடு அதுவே. அன்று தொட்டு இன்று வரை எத்தனையோ அறிஞர் அப்பணியைத் திருத்தியும் புதுக்கியும் வந்துள்ளனர். அவர்கள் அனைவரும் எதிர்கொண்ட இடர்களுள் ஒன்று இந்த ரொட்டியை எப்பெயரால் அழைப்பது என்பது. ஓரிடத்தில் ‘அப்பம்’ என்பர். ஓரிடத்தில் ‘ஆகாரம்’ என்பர். பிற்காலத்தார் ‘உணவு’ என்பர். புராட்டஸ்டண்டு அன்பர்கள் நெடுங்காலமாக வழங்கிவரும் விவிலியம் இயேசுவை ‘ஜீவ அப்பம்’ என்று சொல்கிறது. 1995 இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்போ ‘வாழ்வு தரும் உணவு’ என்கிறது. இரண்டும் ஒன்றையே குறிப்பன என்று விட்டுவிடலாம். ஆயினும் ரொட்டி என்பது வெறும் உணவு மட்டும்தானா, அல்லது அதற்கும் மேலாகக் கிறிஸ்தவ சமயம் அதில் எதையேனும் காண்கிறதா என்பதைச் சற்று ஆராய்ந்து பார்ப்பதே இன்றைய உரையின் நோக்கம்.

முதலில் அந்த ரொட்டியை அதன் சொந்த மண்ணில் காண்போம். தில்லியிலும் பஞ்சாபிலும் வாழும் தமிழ் நேயர்களுக்கு இது எளிது. தெருமுனையில் மண்ணால் அமைந்த தந்தூர் அடுப்பின் உட்சுவரில் மாவை அறைந்து ரொட்டி சுடுவதை அவர்கள் நாள்தோறும் பார்க்கின்றனர். எபிரேய மொழியில் அத்தகைய அடுப்புக்குத் ‘தன்னூர்’ என்று பெயர். அரபு மொழியிலும் அதுவே பெயர். பாரசீகத்தின் வழியே நம் நாட்டுக்கு வந்த ‘தந்தூர்’ என்னும் சொல்லும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். எனவே, விவிலிய காலத்து அப்பத்தைக் கற்பனை செய்ய விரும்புவோர் கார்த்திகை அப்பத்தை மறந்து, தந்தூர் ரொட்டியை நினைத்துக்கொள்வதே பொருத்தம்.

எபிரேயத்தில் ரொட்டிக்குரிய சொல் ‘லெகெம்’ என்பது. ரொட்டி என்றும் பொதுவாக உணவு என்றும் அச்சொல் பொருள்படும். நாம் ‘சோறு’ என்று சொல்லி உணவு முழுவதையும் குறிப்பது போன்றது இது. ‘சாப்பாட்டுக்கு வழியில்லை’ என்பதைச் ‘சோற்றுக்கு வழியில்லை’ என்று நாம் சொல்கிறோம் அன்றோ? அதுபோல ‘அப்பம் இல்லை’ என்றால் அந்நாட்டில் பஞ்சம் என்று பொருள். இயேசு பிறந்த ஊராகிய பெத்லகேமின் பெயரிலும் இச்சொல்லே உள்ளது. எபிரேயத்தில் அப்பெயருக்கு ‘அப்பத்தின் வீடு’ என்று பொருள்.

இந்த அப்பத்தின் வீட்டிலும் ஒரு காலத்தில் அப்பம் இல்லாமற்போயிற்று. பழைய ஏற்பாட்டிலுள்ள ரூத் என்னும் சிறு நூல் அங்கேதான் தொடங்குகிறது. பஞ்சத்தின் கொடுமையால் ஒரு குடும்பம் பெத்லகேமை விட்டு மோவாப் என்னும் அயல்நாட்டுக்குக் குடிபெயர்கிறது. கணவனும் மனைவி நகோமியும் இரு புதல்வரும் செல்கின்றனர். அயல்நாட்டில் கணவன் இறக்கிறான். அந்நாட்டுப் பெண்களை மணந்த புதல்வர் இருவரும் இறக்கின்றனர். தாய்நாட்டில் மீண்டும் உணவு கிடைப்பதாகச் செய்தி வருகிறது. நகோமி திரும்பப் புறப்படுகிறாள். மருமகள் ரூத் அவளை விட்டுப் பிரிய மறுத்து உடன் வருகிறாள். முன்னர் மாமியார் அயல்நாட்டார் நடுவே வாழ்ந்தாள். இப்போது மருமகள் அயல்நாட்டார் நடுவே வாழ வருகிறாள்.

வாற்கோதுமை அறுவடை தொடங்கும் வேளையில் இருவரும் பெத்லகேமை அடைகின்றனர். வயலின் ஓரத்தை முற்றிலும் அறுத்துவிடாமல் ஏழைக்கும் அயலானுக்கும் விட்டுவைக்க வேண்டும், சிந்திய கதிரைத் திரும்பப் பொறுக்கலாகாது என்பது அந்நாட்டு வேத விதி. அந்த விதியை நம்பி ரூத் கதிர் பொறுக்கச் செல்கிறாள். வயலுக்குரியவனாகிய போவாஸ் அவளைக் கதிர் பொறுக்க விடுவதோடு நின்றுவிடவில்லை. உணவு வேளையில் அவளை அழைத்து, தன் ஆட்களோடு உட்காரச் சொல்லி, அப்பத் துண்டைக் காடியில் தோய்த்து உண்ணுமாறு கூறுகிறான். வயலின் ஓரத்தில் நிற்கச் சட்டம் அவளுக்கு உரிமை தந்தது. பந்தியில் அவளுக்கு இடம் தந்தது போவாஸின் மனம். பின்னர் அவன் அவளை மணந்துகொள்கிறான். அவர்கள் வழிவந்த பேரனின் மகனே தாவீது அரசன். மத்தேயு எழுதிய நற்செய்தி இயேசுவின் வமிச வரிசையைச் சொல்லும்போது இந்த அயல்நாட்டுப் பெண்ணின் பெயரை மறவாமல் குறிக்கிறது. பிழைப்பை நாடிச் சொந்த ஊரை விட்டு வந்திருக்கும் நமக்கு இந்தக் கதையை எடுத்து விளக்கத் தேவையில்லை.

அப்பத்தைப் பற்றிய மற்றொரு பழங்கதை பாலைவனத்தில் நிகழ்கிறது. எகிப்தில் அடிமைப்பட்டுக் கிடந்த இஸ்ரயேல் மக்கள் விடுதலை பெற்று நடந்து செல்கையில் உணவின்றி முறையிடுகின்றனர். காலையில் பனி நீங்கியபின் தரையின்மேல் மெல்லிய ஒரு பொருள் பரவிக் கிடக்கிறது. ‘இது என்ன?’ என்று அவர்கள் ஒருவரை ஒருவர் கேட்கின்றனர். அந்தக் கேள்வியையே அதன் பெயருக்கு விளக்கமாக யாத்திராகமம் காட்டுகிறது. ‘மன்னா’ என்று நாம் சொல்வது அதுவே. அதிகமாகச் சேர்த்தவனுக்கு மிச்சமில்லை. குறைவாகச் சேர்த்தவனுக்குக் குறையில்லை. நாளைக்கென்று மறைத்து வைத்ததில் புழு வைத்து நாற்றம் எடுத்தது. ஓய்வு நாளுக்கு முந்திய நாளில் மட்டும் இரட்டிப்பாகக் கிடைத்தது, அது கெடவுமில்லை. நாற்பது ஆண்டுகள் இவ்வாறு உண்டனர் என்கிறது அந்நூல். இக்கதையில் பதுக்கலுக்குத் தண்டனை விதிக்க அரசன் வரவில்லை, அதிகாரி வரவில்லை. பதுக்கிய உணவு தானே கெட்டது. இன்றைய உணவை இன்று உண்பதும், அடுத்தவனுக்கும் அது கிடைப்பதும் அதன் இயல்பாகவே அமைந்துவிட்டன.

இயேசு தம் சீடர்களுக்குக் கற்பித்த மன்றாட்டில் வரும் அப்பம் இந்த மன்னாவின் நினைவோடுதான் வருகிறது. அன்றைக்குரிய அப்பத்தை அன்றைக்குத் தருமாறு அம்மன்றாட்டு வேண்டுகிறது. அங்கே அப்பத்துக்கு அடையாக நிற்கும் கிரேக்கச் சொல் மொழிபெயர்ப்பாளரை இரண்டாயிரம் ஆண்டுகளாகத் திகைக்க வைத்துள்ளது. ‘எபியூசியோஸ்’ என்பது அச்சொல். இச்சொல் கிரேக்க மக்களிடையே வழக்கில் இல்லை, நற்செய்தி எழுதியோரே ஆக்கிக்கொண்டது போலும் என்று மூன்றாம் நூற்றாண்டு அறிஞர் ஒரிகன் எழுதினார். ‘அன்றாடத்துக்குரிய’ என்று சிலரும், ‘வரும் நாளுக்குரிய’ என்று சிலரும், ‘வாழ்வதற்குத் தேவையான’ என்று சிலரும் அதற்குப் பொருள் காண்கின்றனர். நான்காம் நூற்றாண்டின் இறுதியில் நற்செய்திகளின் இலத்தீன் மொழிபெயர்ப்பைத் திருத்தியமைத்த ஜெரோம் முனிவர் செய்தது இன்னும் வியப்புக்குரியது. அதே சொல்லை லூக்காவின் நூலில் ‘அன்றாட’ அப்பம் என்றும், மத்தேயுவின் நூலில் ‘பொருள் அனைத்துக்கும் மேலான’ அப்பம் என்றும் அவர் இருவகையாகப் பெயர்த்தார். வயிற்றுக்கு ஓர் அப்பம், ஆன்மாவுக்கு ஓர் அப்பம் என்று இரண்டாகப் பிரிக்க இயலாமையை ஒரு மொழிபெயர்ப்பாளர் இதைவிட நேர்மையாக ஒப்புக்கொள்ள முடியாது என்றே நமக்குத் தோன்றுகிறது.

ஆனால் அம்மன்றாட்டில் ஐயத்துக்கு இடமில்லாத சொல் ஒன்று உண்டு. ‘என் அப்பம்’ என்று அது கேட்கவில்லை. ‘எங்கள் அப்பம்’ என்றே கேட்கிறது. கிரேக்கத்தில் ‘எங்கள்’ என்பதற்கும் ‘நம்’ என்பதற்கும் வேறுபாடில்லை. தமிழில் உண்டு. கேட்போரை உள்ளடக்கினால் ‘நம்’ என்கிறோம்; விலக்கினால் ‘எங்கள்’ என்கிறோம். பசியில்லாத இறைவனை நோக்கிப் பசியுள்ள மனிதர் வேண்டும் வேண்டுதல் ஆதலால் தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் ‘எங்களுக்கு’ என்று எழுதினர். தனி அறையில் கதவை மூடிக்கொண்டு ஒருவன் தனியே மன்றாடினாலும் அவன் ‘எங்களுக்கு’ என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த ‘எங்கள்’ என்னும் சொல்லுக்குள் யார் யார் அடங்குவர் என்பதே கிறிஸ்தவ வரலாறு முழுவதும் தொடர்ந்து எழும் கேள்வி. அப்பத்தின் ஆன்மிகப் பொருள் அந்தக் கேள்வியில்தான் அடங்கியிருக்கிறது.

இயேசுவின் வாழ்க்கையை இந்த நோக்கில் பார்ப்போம். பாலைவனத்தில் நாற்பது நாள் நோன்பிருந்து பசித்திருந்த வேளையில், கற்களை அப்பமாக்குமாறு சோதிப்பவன் தூண்டுகிறான். அவர் மறுக்கிறார், மனிதன் அப்பத்தால் மட்டும் வாழ்வதில்லை என்னும் கருத்துள்ள மறைமொழியைச் சொல்லி மறுக்கிறார். இதைக் கொண்டு அவர் வயிற்றுப் பசியை இகழ்ந்தார் என்று எண்ணிவிடலாகாது. பின்னொரு நாள் கலிலேயாக் கடலோரத்தில் பெருங்கூட்டம் பசித்திருக்கிறது. ஒரு சிறுவனிடம் ஐந்து வாற்கோதுமை அப்பமும் இரண்டு மீனும் இருக்கின்றன. வாற்கோதுமை ஏழைகளின் தானியம். அதைக் கையிலெடுத்து நன்றி கூறிப் பகிர்ந்தளிக்கிறார். ஆடவர் மட்டுமே ஐயாயிரம் பேர் உண்டு நிறைவடைந்தனர் என்கிறது நற்செய்தி. தம் பசிக்குக் கல்லை அப்பமாக்க மறுத்தவர், பிறர் பசி கண்டவுடன் அப்பத்தைப் பெருக்கினார். உண்டு முடிந்தபின் எதுவும் வீணாகாதபடி துணுக்குகளைச் சேர்க்கச் சொன்னார். பன்னிரண்டு கூடை நிறைந்தது.

மறுநாள் அக்கூட்டம் கப்பர்நாகூமில் அவரைத் தேடி வந்தது. அப்பம் உண்டு நிறைவடைந்ததனால்தான் என்னைத் தேடுகிறீர்கள் என்று அவர் கடிந்துரைத்தார். அழியும் உணவுக்காக மட்டும் உழைக்க வேண்டாம் என்றார். தாமே வானிலிருந்து இறங்கி வந்த அப்பம் என்றார். கேட்டவர்களுக்கு அது கடினமான சொல்லாக இருந்தது. சீடருள் பலரும் விலகிச் சென்றனர். உணவைக் கொடுத்தவரைச் சூழ்ந்து நின்றோர், தம்மையே உணவாகக் கொடுப்பதாகச் சொன்னவரை விட்டு அகன்றனர்.

அச்சொல்லின் பொருள் பாஸ்கா விருந்தின் இரவில் வெளிப்பட்டதாகக் கிறிஸ்தவர் நம்புகின்றனர். பாஸ்கா என்பது எகிப்திய அடிமைத்தனத்திலிருந்து விடுபட்ட நினைவு விழா. மாவு புளிப்பதற்கும் நேரமின்றி விரைந்து புறப்பட்டதன் அடையாளமாக அவ்விழாவில் புளிப்பில்லாத அப்பமே உண்பர். கைதாவதற்கு முந்திய அந்த வேளையில் இயேசு அப்பத்தை எடுத்தார், இறைவனைப் போற்றினார், பிட்டார், சீடர்களுக்குக் கொடுத்தார். இது தம் உடல் என்றார். எடுத்தல், போற்றுதல், பிடுதல், கொடுத்தல் என்னும் இந்நான்கு செயல்களும் கடலோர விருந்திலும் நிகழ்ந்தவையே. உயிர்த்தெழுந்தபின் எம்மாவு என்னும் ஊரில் வழிப்போக்கர் இருவரோடு பந்தியில் அமர்ந்தபோதும் இவையே நிகழ்ந்தன. வழி நெடுகப் பேசி வந்தும் அவரை அடையாளம் காணாத அவ்விருவரும், அவர் அப்பத்தைப் பிட்டுக் கொடுத்தபோது கண்டுகொண்டனர்.

திருச்சபை இந்த விருந்தைப் பல பெயர்களால் அழைக்கிறது. ‘நன்றி கூறல்’ என்று பொருள்படும் சொல்லைக் கிரேக்கர் வழங்கினர். ‘காணிக்கை’ என்று பொருள்படும் சிரியச் சொல்லைக் கொண்டு கேரளக் கிறிஸ்தவர் ‘குர்பானா’ என்கின்றனர். தமிழ்க் கத்தோலிக்கர் ‘நற்கருணை’ என்கின்றனர். பிற சபையினர் ‘திருவிருந்து’ என்றும் ‘இராப்போசனம்’ என்றும் சொல்வர். பெயர் எதுவாயினும், செயல் ஒன்றே. ஓர் அப்பத்தைப் பிட்டுப் பலர் உண்கின்றனர்.

பலர் உண்பதில்தான் சோதனையும் தொடங்கியது. ஏறத்தாழக் கி.பி. 55 ஆம் ஆண்டளவில் பவுலடிகள் கொரிந்து நகரச் சபைக்கு எழுதிய திருமுகம் இதற்குச் சான்று. அங்கே அவர்கள் ஒன்றுகூடி உண்டனர். ஆனால் வசதியுள்ளோர் முந்திக்கொண்டு தாம் கொணர்ந்ததைத் தாமே உண்டனர். ஏழைகள் பசியோடு நின்றனர்; சிலரோ மது மயக்கத்தில் இருந்தனர். நீங்கள் உண்பது ஆண்டவரின் விருந்தே அன்று என்று பவுல் கடுமையாகக் கண்டித்தார். அப்பம் ஒன்றாயிருப்பதால் அதில் பங்குகொள்ளும் பலரும் ஒரே உடல் என்பது அவருடைய கொள்கை. வழிபாட்டு முறையில் எந்தக் குறையையும் அவர் சுட்டவில்லை. பந்தியில் ஒருவன் பசித்திருந்தான். அதுவே வழிபாட்டைப் பயனற்றதாக்கியது.

தொடக்ககாலச் சபையின் நூல்களுள் ‘டிடாக்கே’ என்று ஒன்று உண்டு. திருத்தூதர் பன்னிருவரின் போதனை என்பது அதன் பொருள். 1873 ஆம் ஆண்டில் கான்ஸ்டாண்டிநோபிளில் அதன் சுவடியைப் பிலோதியோஸ் பிரியெனியோஸ் என்னும் அறிஞர் கண்டெடுத்தார். அதிலுள்ள மன்றாட்டு ஒன்றின் கருத்து நம் போன்றோர் உள்ளத்தைத் தொடுவதாகும். மலைகளின்மீது சிதறிக் கிடந்த தானியம் சேர்ந்து ஓர் அப்பம் ஆனது போலவே, உலகின் எல்லைகளிலிருந்து மக்கள் ஒன்றாகச் சேர வேண்டும் என்று அது வேண்டுகிறது. வட ஆப்பிரிக்காவில் ஹிப்போ நகர ஆயராயிருந்த அகுஸ்தீன், புதிதாகத் திருமுழுக்குப் பெற்றவர்களுக்கு இதையே இன்னும் விரித்துரைத்தார். தனித்தனி மணிகளாயிருந்தீர்கள், அரைபட்டீர்கள், நீரால் பிசையப்பட்டீர்கள், நெருப்பால் சுடப்பட்டு ஓர் அப்பமானீர்கள் என்பது அவர் கருத்து. அரைபடாத மணி அப்பமாவதில்லை. சிதறி வாழ்வோர் ஒன்றாவதற்குத் தத்தம் மேற்றோலைச் சிறிது இழக்க வேண்டியிருக்கிறது.

செசரியா நகரின் பேசில் இதைச் சமுதாய அறமாகவே வற்புறுத்தினார். 369 ஆம் ஆண்டளவில் கப்பதோக்கியாவில் கொடும்பஞ்சம் வந்தபோது, களஞ்சியங்களைத் திறக்குமாறு செல்வரை அவர் இடித்துரைத்தார். பசித்தோர்க்கு உணவளிக்கத் தாமே முன்னின்றார். நீ பூட்டி வைத்திருக்கும் அப்பம் பசித்தவனுக்குரியது என்பது அவர் போதனை. ‘பொன்வாயர்’ எனப் புகழ்பெற்ற யோவான் கிறிசோஸ்தோம், பலிபீடத்தில் பொற்கிண்ணம் வைத்துவிட்டுக் கோயில் வாசலில் பட்டினியாய்க் கிடப்பவனைப் புறக்கணிப்பதில் பயனில்லை, முதலில் அவனுக்கு உணவிடுங்கள் என்றார். மணிமேகலையின் அமுதசுரபியை அறிந்த தமிழ் மக்களுக்கு இக்குரல் அந்நியமானதன்று.

ஆயினும், ஒன்றுபடுத்த வந்த அப்பத்தைக் கொண்டே மக்கள் பிரிந்தும் போயினர் என்பதை மறைக்க வேண்டியதில்லை. 1054 ஆம் ஆண்டில் கீழைத் திருச்சபையும் மேலைத் திருச்சபையும் பிளவுபட்டபோது எழுந்த வாதங்களுள், வழிபாட்டு அப்பம் புளித்ததாக இருக்கலாமா, கூடாதா என்பதும் முதன்மையான ஒன்று. 1529 இல் ஜெர்மனியின் மார்பர்க் நகரில் லூத்தரும் ஸ்விங்கிலியும் சந்தித்தபோது, ‘இது என் உடல்’ என்பதன் பொருள் பற்றி உடன்பாடு காண இயலாமற் பிரிந்தனர். லூத்தர் அவ்வாசகத்தை இலத்தீனில் மேசைமேல் சுண்ணக்கட்டியால் எழுதி வைத்துக்கொண்டு வாதாடினார் என்பர்.

நம் தமிழகத்துப் பிளவு இன்னும் வேதனை தருவது. 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சை முதலிய இடங்களின் சில சபைகளில் சாதிக்கொரு பக்கமாக மக்கள் அமர்ந்தனர். திருவிருந்தைப் பெறுவதிலும் முன்பின் பார்த்தனர். கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் 1833 இல் இவ்வழக்கத்தைக் கைவிடுமாறு கட்டளையிட்டபோது, பலர் வழக்கத்தை விடாமல் சபையை விட்டு வெளியேறினர். கொரிந்து நகரில் செல்வமும் வறுமையும் செய்ததை இங்கே பிறப்பு செய்தது. ‘எங்கள் அப்பம்’ என்று வாய் சொல்லிற்று. பக்கத்தில் நின்றவனை அந்த ‘எங்கள்’ ஏற்கவில்லை. இந்த நோய் முற்றும் தீர்ந்துவிட்டது என்று இன்றும் எவரும் துணிந்து கூறார்.

இதற்கு மறுமொழி போல அமைந்தது ஒரு தமிழரின் வாழ்க்கை. திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளை என்னும் சிற்றூரில் 1874 இல் பிறந்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1909 இல் அவர் தெலுங்கு நாட்டுக்குச் சென்று, நிஜாம் ஆட்சியிலிருந்த தோர்ணக்கல் பகுதியில் பணியாற்றத் தொடங்கினார். அம்மக்களின் மொழியைக் கற்று அவர்களுள் ஒருவராக வாழ்ந்தார். 1912 இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்திய ஆயரானார். 1910 இல் எடின்பரோவில் நடந்த உலக மாநாட்டில், வெளிநாட்டு ஊழியருக்கும் இந்தியருக்கும் இடையே உண்மையான தோழமை இல்லாத குறையை அஞ்சாது எடுத்துரைத்து, எங்களுக்கு நட்பைத் தாருங்கள் என்று வேண்டினார். பல சபைகளாகப் பிரிந்து நிற்போர் ஒரே பந்தியில் அமர வேண்டுமென்று 1919 இல் தரங்கம்பாடியில் கூடிய கூட்டத்தில் முன்னின்று உழைத்தார். 1945 ஆம் ஆண்டின் முதல் நாளில் அவர் மறைந்தார். 1947 செப்டம்பர் 27 ஆம் நாள் சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை உருவாயிற்று. ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு, பிரஸ்பிட்டீரியன், காங்கிரிகேஷனல் மரபினர் ஒரே சபையாயினர். தனித்தனிப் பந்திகள் ஒரு பந்தியாவதைக் காண அசரியா உயிரோடிருக்கவில்லை. ஆனால் வேற்று மொழி பேசும் மண்ணில் குடியேறிய தமிழர் ஒருவர் அதற்கு வித்திட்டார் என்பதை நாம் மறத்தலாகாது.

இறுதியாக, அயல் மாநிலம் ஒன்றின் இல்ல வழக்கத்தைக் கூறி நிறுத்துவோம். கேரளத்துச் சிரியக் கிறிஸ்தவர் பெரிய வியாழனன்று இரவில் வீட்டிலேயே ‘பெசகா அப்பம்’ செய்கின்றனர். அரிசி மாவும் உளுந்தும் சேர்த்துப் புளிக்க வைக்காமல் வேகவைத்த அப்பம் அது. குருத்து ஞாயிறன்று கோயிலிலிருந்து கொண்டுவந்த ஓலையைச் சிலுவை வடிவில் அதன்மேல் வைப்பர். தேங்காய்ப் பாலும் வெல்லமும் சேர்த்த ‘பெசகாப் பால்’ உடன் இருக்கும். குடும்பத்தில் மூத்தவர் மன்றாடி அப்பத்தைப் பகிர்ந்து, வயது வரிசைப்படி ஒவ்வொருவருக்கும் கொடுப்பார். கோதுமை விளையாத மண்ணில் பாலஸ்தீனத்து அப்பம் இவ்வாறு அரிசியாக உருமாறியது. எந்த மொழிபெயர்ப்பாளரும் செய்யத் துணியாததை அந்த வீட்டுத் தாய்மார்கள் அடுப்பங்கரையில் செய்துவிட்டனர்.

அவ்வழக்கத்தில் நம் கருத்தைக் கவரும் செய்தி ஒன்று உண்டு. அவ்வாண்டில் இறப்பு நேர்ந்த வீட்டில் பெசகா அப்பம் செய்வதில்லை. அதனால் அந்த வீட்டார் அப்பமின்றி இருந்துவிடுவதுமில்லை. அண்டை வீட்டாரும் உறவினரும் தாங்கள் செய்ததில் பங்கெடுத்து அவர்களுக்குக் கொண்டுவந்து கொடுப்பர். துயரத்தால் அடுப்பெரியாத வீட்டுக்கு ஊரின் அடுப்புகள் அப்பம் அனுப்புகின்றன. இவ்வளவு நேரம் நாம் ஆராய்ந்த ‘எங்கள்’ என்னும் சொல்லுக்கு இதைவிட நல்ல உரை வேண்டுமோ?

தொடக்கத்தில் எழுந்த ஐயத்துக்கு இப்போது வருவோம். ‘அப்பம்’ என்பது தவறான மொழிபெயர்ப்பா? அன்றாட உணவு என்ற அளவில் அது பொருந்தவில்லை என்பது உண்மையே. ‘சோறு’ என்பதே நெருங்கிய சொல். ஆயினும், நம் வீடுகளில் அப்பம் சுட்டால் அதைத் தனியே உண்பவர் யார்? படைத்தபின் தட்டில் எடுத்து அண்டை வீடுகளுக்கு அனுப்பியபிறகே நாம் உண்கிறோம். பகிர்வதற்கென்றே செய்யப்படும் பண்டத்தின் பெயரை அந்த முன்னோர் தேர்ந்தெடுத்தனர். அறிந்து செய்தனரோ, அறியாது செய்தனரோ, கிறிஸ்தவ சமயம் ரொட்டியில் காணும் உட்பொருளுக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் அமைவது அரிது.

நம்மில் பலர் பிறந்த ஊரை விட்டுத் தொலைவில் வாழ்கிறோம். நாம் குடியேறிய நகரத்திலும் நம்மைப் போலவே பிழைப்பு நாடி வந்த வேற்று மொழியினர் உளர். பண்டிகை நாளில் தனித்திருப்போர் உளர். துயர் நேர்ந்து அடுப்பெரியாத வீடுகளும் உள. எச்சமயத்தவராயினும், உண்ண அமரும்போது ‘எங்கள்’ என்னும் சொல்லை ஒருமுறை எண்ணிப் பார்ப்போமாக. அடுத்த வீட்டுக் கதவைத் தட்ட நம் கை ஒரு தட்டோடு நீளுமாயின், அப்பத்தின் பொருள் நமக்கு விளங்கிவிட்டது என்று கொள்ளலாம்.